ஒரே 24.2, ஒன்பது மடங்கு விலை

கேனான் நிறுவனத்தின் விலைப்பட்டியலில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2023 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஆர்50, புதிதாகப் படமெடுக்க வருகிறவர்களை மனத்தில் வைத்துச் செய்த சின்ன மிரர்லெஸ் கேமரா. லென்ஸ் இல்லாமல் பாடி மட்டும் அமெரிக்காவில் 680 டாலருக்கு அறிமுகமானது. 2024 ஜூலையில் அறிவிக்கப்பட்ட ஆர்1, விளையாட்டு மைதானத்தின் எல்லைக்கோட்டருகே குந்தியிருக்கும் பத்திரிகைப் படக்காரர்களுக்கானது. அதன் அறிமுக விலை 6,300 டாலர். முன்னது 24.2 மெகாபிக்ஸல். பின்னதும் 24.2 மெகாபிக்ஸல்தான். நடுவில் நிற்கும் ஆர்8, ஆர்6 மார்க் 2 இரண்டையும் எடுத்துப் பாருங்கள். அங்கும் அதே 24.2.

கேமரா வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை மெகாபிக்ஸல்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு நான்கு கேமராவும் ஒரே பதிலைச் சொல்கின்றன. அப்படியானால் ஒன்பது மடங்கு பணம் எங்கே போகிறது?

ஒரு பகுதி சென்சாரின் பரப்புக்குப் போகிறது. ஆர்1-இன் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர். 1925-இல் சந்தைக்கு வந்த லைக்கா கேமராவின் ஃபிலிம் கட்டம் அது. நூறாண்டாக அப்படியே தொடர்கிறது, 'ஃபுல் ஃபிரேம்' என்று பெயர். ஆர்50-இன் சென்சார் 22.3க்கு 14.9 மில்லிமீட்டர், இந்த வகைக்கு ஏ.பி.எஸ்-சி என்று பெயர். பெருக்கிப் பார்த்தால் முன்னது 864 சதுர மில்லிமீட்டர், பின்னது 332. ஏறத்தாழ 2.6 மடங்கு. வட்டமான சிலிக்கான் தகடு ஒன்றிலிருந்து பெரிய சென்சார்கள் குறைவாகத்தான் தேறும். தகட்டில் எங்காவது ஒரு பழுது இருந்தால் அது கெடுக்கும் துண்டும் பெரிதாக இருக்கும். அதனால் பரப்பு கூடும்போது விலை அதைவிட வேகமாக ஏறுகிறது.

பரப்பால் என்ன லாபம்? மழை தூறத் தொடங்கும்போது சிமெண்டுத் தரையைக் கவனித்திருப்பீர்கள். ஓரிடத்தில் ஐந்து புள்ளி விழுந்திருக்கும், ஒரு சாண் தள்ளி ஒன்றுகூட இருக்காது. மழை வலுத்ததும் தரை முழுக்க ஒரே சீராக நனைந்துவிடும். ஒளியும் அப்படிப் பொட்டுப் பொட்டாகத்தான் வருகிறது. ஒவ்வொரு பொட்டும் ஒரு ஃபோட்டான். சராசரியாக 10,000 ஃபோட்டான் விழ வேண்டிய பிக்ஸலில் ஒரு சமயம் 9,900 விழும், ஒரு சமயம் 10,100 விழும். ஏற்ற இறக்கம் அந்த எண்ணின் வர்க்கமூலம், அதாவது 100. நூற்றுக்கு ஒன்று, கண்ணுக்குத் தெரியாது. சராசரியே 100 ஃபோட்டான்தான் என்றால் ஏற்ற இறக்கம் 10. நூற்றுக்குப் பத்து. சீராக இருக்க வேண்டிய சுவர் மணல்மணலாகத் தெரியும். படக்காரர்கள் 'நாய்ஸ்' என்று அலுத்துக்கொள்வது பெரும்பாலும் இதைத்தான். அது கேமராவின் குறை அல்ல, ஒளியின் குணம். படத்தைப் பிரகாசமாக்கும் ஐ.எஸ்.ஓ-வைக் கூட்டியதால் நாய்ஸ் வந்தது என்று பழி போடுகிறோம்; உண்மையில் வெளிச்சம் போதாததால்தான் ஐ.எஸ்.ஓ-வைக் கூட்டினோம், நாய்ஸ் அதற்கு முன்பே வந்துவிட்டது.

இன்றைய சென்சார்கள், மலிவானதோ விலை உயர்ந்ததோ, தம்மேல் விழும் ஃபோட்டான்களைப் பிடிப்பதில் ஒன்றுக்கொன்று அதிகம் சளைத்தவை அல்ல. ஆகவே ஒரே காட்சி, ஒரே எஃப் எண், ஒரே ஷட்டர் வேகம் என்றால் பெரிய சென்சார் 2.6 மடங்கு ஒளியைச் சேர்க்கும். வர்க்கமூலக் கணக்கின்படி படம் 1.6 மடங்கு சுத்தமாக இருக்கும். நல்ல லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் இதைவிடப் பெரிய லாபம் வேறோரிடத்தில் கொட்டிக் கிடக்கிறது.

ஆர்50-உடன் சேர்த்துத் தரும் கிட் லென்ஸ் 18-45. முழுக்க ஸூம் செய்து 45-இல் நிறுத்தினால் அதன் எஃப் எண் 6.3. எஃப் எண் என்பது குவியத் தூரத்தை லென்ஸின் திறப்பால் வகுத்த ஈவு, 45-ஐ 6.3-ஆல் வகுத்தால் திறப்பின் விட்டம் 7 மில்லிமீட்டர் சொச்சம். ஒரு துவரம்பருப்பைவிடச் சற்றுப் பெரிய ஓட்டை வழியாக உலகத்தைப் பார்க்கச் சொல்கிறோம். அதே கேனானின் 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸ் 2020-இல் 200 டாலருக்கு வந்தது. 160 கிராம் எடை. அதன் திறப்பு கிட்டத்தட்ட 28 மில்லிமீட்டர். சென்சாரின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டர்மீதும் அது கொட்டும் ஒளி கிட் லென்ஸைப்போல 12 மடங்கு.

பாடிக்காக 5,600 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் 2.6 மடங்கு. லென்ஸுக்கு 200 டாலர் கொடுத்தால் 12 மடங்கு. இதே லென்ஸை ஆர்1-இலும் மாட்டலாமே என்று கேட்கலாம். மாட்டலாம், அப்போது இரண்டும் பெருகும். எதை முதலில் வாங்குவது என்பதுதான் கேள்வி.

சிக்கல்களையும் சொல்லிவிட வேண்டும். ஆர்50-இல் 50 மில்லிமீட்டர் லென்ஸ், ஃபுல் ஃபிரேமில் 80 மாட்டியதுபோல நெருக்கமாகக் காட்டும். வீட்டுக் கூடத்தில் நான்கு பேரை நிற்கவைத்துப் பின்னால் போய்க்கொண்டே இருந்தால் முதுகில் சுவர் இடிக்கும். இந்த லென்ஸுக்குள் ஆட்டம் தடுக்கும் ஏற்பாடு கிடையாது, ஆர்50 பாடியிலும் இல்லை. கை நடுக்கம் படத்தில் தெரியாமலிருக்க ஷட்டரை 1/100 நொடி அளவில் வைத்துக்கொள்வது நல்லது. ஆர்1-இல் சென்சாரே அசைந்து நடுக்கத்தை ஈடுசெய்கிறது. ஆனால் அந்த வித்தை அசையாத பொருளுக்கு மட்டும்தான். ஓடுகிற குழந்தையை எந்த நடுக்கத் தடுப்பும் நிறுத்தி வைக்காது. எஃப் 1.8-இல் கிட்டத்தில் எடுக்கும் முகங்களில் ஒரு கண் தெளிந்தும் மறு கண் கலங்கியும் போகும். இதை ஒரு குறை என்று சொன்னால் அழகு தெரியாதவன் என்பார்கள் நண்பர்கள்.

சின்ன சென்சார் பெரியதை நேராகவே வெல்லும் இடமும் ஒன்று உண்டு. வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்று 100 மீட்டர் தள்ளி மரத்தில் உட்கார்ந்திருக்கும் நத்தைகுத்தி நாரையை 400 மில்லிமீட்டர் லென்ஸில் எடுக்கிறீர்கள். நாரையின் உயரம் ஏறத்தாழ 68 சென்டிமீட்டர். சென்சாரின் மேல் அதன் பிம்பம் 2.7 மில்லிமீட்டர்தான் இருக்கும், எந்த பாடியானாலும் சரி. பிம்பத்தின் அளவை முடிவு செய்வது லென்ஸ், சென்சார் அல்ல. ஆர்1-இன் பிக்ஸல் ஒன்றின் அகலம் 6 மைக்ரான். அதில் நாரை 450 பிக்ஸல் உயரம் நிற்கும். ஆர்50-இன் பிக்ஸல் 3.7 மைக்ரான்; அங்கே 730 பிக்ஸல். பறவைமீது பட்டு வரும் ஒளியும் இரண்டிலும் ஒன்றே. பெரிய சென்சார் கூடுதலாகச் சேர்த்ததெல்லாம் சுற்றியிருக்கும் வானமும் தண்ணீரும். வீட்டுக்கு வந்து அதைத்தான் வெட்டி எறியப் போகிறோம். பறவைக்காரர்கள் பலர் விவரம் தெரிந்தே ஏ.பி.எஸ்-சி பாடியைத் தோளில் போட்டுக்கொண்டு அலைவதற்கு இதுதான் காரணம்.

இது உட்கார்ந்திருக்கும் நாரைக்கு. தண்ணீரில் பாயும் மீன்கொத்தியைப் பிடிக்க வேண்டுமென்றால் கதையே வேறு. பெரிய பணம் வேலை செய்யத் தொடங்குவது அங்கேதான்.

என் கணிப்பில், தொழில்முறைக் கேமரா விற்பது ஒளியை அல்ல, நேரத்தை.

சென்சார் தன்மேல் விழுந்த காட்சியை ஒரே வீச்சில் ஒப்புவிப்பதில்லை. மேல் வரிசையில் தொடங்கி, வரிசை வரிசையாகக் கீழே இறங்கிப் படித்துச் சொல்கிறது. மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் இடையே காலம் கழிகிறது. நுழைவுநிலைக் கேமராக்களில் அது 1/30 நொடியை ஒட்டி இருக்கும். அந்த நேரத்தில் பொருள் நகர்ந்துவிட்டால் தலை ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலும் பதியும்.

இந்தக் கோணல் டிஜிட்டலோடு பிறந்ததல்ல. 1910களின் தொடக்கத்தில் பிரான்ஸில் நடந்த கார்ப் பந்தயம் ஒன்றை ஜாக் ஆன்றி லார்டீக் என்ற இளைஞர் படமெடுத்தார். அவருடைய கேமராவின் ஷட்டர், ஒரு கீற்று இடைவெளி கண்ணாடித் தகட்டின் மேல் நகரும் வகை. காரோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பினார். ஆனாலும் கார் வேகமாகப் போய்விட்டது. படத்தில் காரின் சக்கரம் முட்டை வடிவாகி முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. வேடிக்கை பார்க்கும் கூட்டமும் கம்பமும் பின்னோக்கிச் சாய்கின்றன. வேகத்தைக் காட்டும் படம் என்று உலகம் கொண்டாடுவது ஒரு ஷட்டரின் பிழையை.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். கேமராவில் சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரைத் தேர்ந்தெடுத்து, ஷட்டர் வேகத்தை நன்றாக உயர்த்தி, முழு வேகத்தில் சுழலும் சீலிங் ஃபேனை எடுத்துப் பாருங்கள். ஃபேன் நொடிக்கு 6 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், 1/30 நொடியில் 72 பாகை திரும்பிவிடும். இறக்கைகள் அரிவாள்போல் வளைந்திருக்கும். 2021-இல் வந்த நிக்கான் இஸட்9 தன் சென்சாரை 1/270 நொடியில் படித்து முடிக்கிறது. அதற்குள் ஃபேன் 8 பாகைதான் நகரும். இறக்கை நேராகவே நிற்கும். இந்தத் துணிச்சலில்தான் நிக்கான் இஸட்9-இலிருந்து இயந்திர ஷட்டரையே கழற்றி எறிந்துவிட்டது.

மலிவு விலைக் கேமராக்கள் இயந்திரத் திரையை நம்பித் தப்பிக்கின்றன. ஆர்50-இல் படம் தொடங்குவது மின்னணு முறையில், முடிப்பது உண்மையான திரை. ஆகவே சாதாரணமாக எடுக்கும் படங்களில் இந்த வளைவை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். சத்தம் வேண்டாம் என்று திரையை நிறுத்தினால்தான் தெரியும். வீடியோவில் திரைக்கு வேலையே இல்லை என்பதால் அங்கும் தெரியும். மண்டபங்களில் இன்னொரு தொல்லை உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்.இ.டி விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுக்கும். 1/30 நொடி படிக்கும் சென்சார் அதில் மூன்று மினுக்கைச் சந்திக்கிறது. மணமக்கள் முகத்தில் பட்டை பட்டையாகக் கறுப்புக் கோடு விழும்.

வேகமாகப் படிக்க என்ன செய்கிறார்கள்? ஒளி வாங்கும் பிக்ஸல்களை மேல் தளத்தில் வைத்து, படித்துக் கணக்கிடும் சுற்றுகளையும் நினைவகத்தையும் அதன் அடியில் தளம் தளமாக அடுக்குகிறார்கள். ஃபுல் ஃபிரேமில் இப்படிப்பட்ட அடுக்குச் சென்சாரை முதலில் கொண்டுவந்தது 2017-இன் சோனி ஏ9. அதுவும் 24.2 மெகாபிக்ஸல்தான், இந்த எண்ணுக்கு ஏதோ ராசி. நொடிக்கு 20 படம், ஃபோகஸைத் திருத்தும் கணக்கு நொடிக்கு 60 தடவை. வியூஃபைண்டர் கறுத்துப் போகாது. இந்தக் கடைசிச் சங்கதியின் அருமை பறக்கும் பறவையைத் துரத்தியவருக்குத்தான் தெரியும். நுழைவுநிலைக் கேமராவில் தொடர்ந்து சுடும்போது கண்ணுக்கு முன் வருவது பெரும்பாலும் இப்போது எடுத்த படத்தின் நகல். பறவை இப்போது இருக்கும் இடம் அல்ல. நேற்றைய பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு இன்று நல்ல நேரம் பார்ப்பதுபோல.

2023 நவம்பரில் சோனி அறிவித்த ஏ9 மார்க் 3 இன்னும் ஒரு படி போனது. வரிசையாகப் படிக்கும் வழக்கத்தையே விட்டு, எல்லாப் பிக்ஸல்களையும் ஒரே கணத்தில் மூடுகிறது. நொடிக்கு 120 படம். ஃபேன் வளைவு முற்றாக இல்லை. அதற்கு ஒரு விலையும் கொடுத்தது. படிக்கப்படும் முறை வரும்வரை மின்னூட்டத்தை ஒளியிலிருந்து மறைத்து வைக்க ஒவ்வொரு பிக்ஸலிலும் ஓர் அறை ஒதுக்க வேண்டியிருக்கிறது. ஒளியைத் தாங்கும் கொள்ளளவு குறைகிறது. அதன் அடிப்படை ஐ.எஸ்.ஓ வழக்கமான 100 அல்ல, 250. மலையையும் மேகத்தையும் முக்காலி போட்டு நிதானமாக எடுக்கிறவருக்கு அதைவிடப் பாதி விலையுள்ள கேமராக்கள் நல்ல படம் தரும். நேரம் வேண்டும் என்று ஒளியை விற்றிருக்கிறார்கள்.

படித்த தரவை எங்காவது கொட்டவும் வேண்டும். ஒரு ரா படம் 25 எம்.பி. என்று வைத்தால், ஆர்50 நொடிக்கு 12 படம் சுடும்போது 300 எம்.பி. சேர்கிறது. அதில் போடும் யு.எச்.எஸ்-1 எஸ்.டி. கார்டுக்குள் நொடிக்கு 104 எம்.பி-க்கு மேல் போகாது. தொட்டி நிறைந்துகொண்டே இருக்கும், குழாய் சின்னது. ஒரு நொடி போல வேகமாகச் சுட்டுவிட்டுக் கேமரா மூச்சு வாங்கும். அந்த நேரம் பார்த்துத்தான் மீன்கொத்தி மீனோடு மேலே வரும். ஆர்1 நொடிக்கு 40 படம், அதாவது ஏறத்தாழ 1 ஜி.பி. அதற்காகத்தான் அதில் சிஎஃப் எக்ஸ்பிரஸ் கார்டு, அதுவும் இரண்டு. இரண்டாவது கார்டு வேகத்துக்கல்ல, பயத்துக்கு. இவ்வளவு செலவு செய்து இரண்டு கார்டு எதற்கு என்று ஒரு கல்யாணப் படக்காரரிடம் கேட்டேன். "சார், ஒரு கார்டு போச்சுன்னா இன்னொரு தடவ தாலி கட்டச் சொல்ல முடியுமா?" என்றார். இருபது முப்பது பக்கம் தொழில்நுட்ப விளக்கம் படித்தாலும் அந்த ஒரு வரி கிடைக்காது.

ஃபோகஸ் விஷயத்தில் மட்டும் சின்னக் கேமராக்கள் முந்தைய தலைமுறையைவிட அதிர்ஷ்டசாலிகள். கண்ணாடி வைத்த டி.எஸ்.எல்.ஆர். காலத்தில் ஃபோகஸ் பார்க்கத் தனியாக ஓர் உறுப்பு, கண்ணாடிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும். மலிவு பாடியில் அதையும் மலிவாகப் போட்டார்கள்: கேனான் 1500டி-யில் 9 புள்ளிகள், அதே காலத்து 1டி எக்ஸ் மார்க் 2-இல் 61. பானசோனிக் 2008-இல் ஜி1 மூலம் கண்ணாடியைத் தூக்கிய பிறகு அந்தத் தனி உறுப்புக்கு இடமில்லாமல் போய், வேலை சென்சாரின் தலையிலேயே விழுந்தது. படம் எடுக்கும் பிக்ஸல்களே ஃபோகஸும் பார்க்கின்றன. கண், முகம், நாய், பூனை, பறவை, கார் என்று அடையாளம் காண்பது மென்பொருள்; ஒரு முறை எழுதிவிட்டால் கீழ்நிலை மாடலிலும் அதைப் போட நிறுவனத்துக்குப் பெரிய செலவில்லை. ஆர்50 கண்ணைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொள்ளும் விதத்தைப் பத்தாண்டுக்கு முன் பெரிய பாடி வைத்திருந்தவர்கள் பார்த்தால் பொறாமைப்படுவார்கள்.

மழைத் தடுப்பு, பெரிய பேட்டரி, விரலுக்கு ஒரு பொத்தான் என்பவை மீதிப் பணத்தை வாங்கிக்கொள்கின்றன. அவற்றோடு எடையும் வரும்: ஆர்50 கார்டு, பேட்டரியுடன் 375 கிராம், ஆர்1 ஒரு கிலோவைத் தாண்டும், லென்ஸ் இன்னும் மாட்டவில்லை.

பணம் படத்துக்கா, வசதிக்கா என்று இன்னும் சந்தேகம் இருந்தால் நடுவில் விட்டுவந்த இரண்டு கேமராக்களிடம் திரும்பலாம். ஆர்6 மார்க் 2, 2022-இல் 2,500 டாலருக்கு வந்தது. சில மாதம் கழித்து, 2023-இல், அதே ஃபுல் ஃபிரேம் சென்சாரை எடுத்து ஆர்8-இல் வைத்து 1,500 டாலருக்குக் கொடுத்தார்கள். குறைந்த 1,000 டாலருக்கு எவை போயின என்று பாருங்கள்: சென்சாரை அசைத்து நடுக்கம் தடுக்கும் ஏற்பாடு, இரண்டாவது கார்டு, பெரிய பேட்டரி, ஃபோகஸ் புள்ளியை நகர்த்தும் குமிழ். நன்றாக எடுத்த ஒரு படத்தை அச்சிட்டுக் கொடுத்து, எந்தக் கேமரா எடுத்தது என்று கேட்டால் சொல்ல முடியாது.

ஆகவே என்னிடம் கேட்பவர்களை நான் திருப்பிக் கேட்கும் கேள்வி, "எதைத் தவறவிட்டால் உங்களுக்கு நஷ்டம்?" என்பதுதான். குழந்தை, ஊர்ப் பயணம், கோயில் சிற்பம் என்றால் நுழைவுநிலை பாடியும் ஒரு பளிச்சென்ற லென்ஸும் போதும். மிச்சப் பணத்தில் அந்தக் கோயிலுக்கு இன்னும் பத்துத் தடவை போய்வரலாம். கல்யாணம் எடுத்துப் பிழைக்கப் போகிறவர் ஆர்1 பக்கம் பார்க்கவே வேண்டாம், ஆனால் ஒரே கார்டு போடும் கேமராவோடு முகூர்த்தத்துக்குப் போகவும் வேண்டாம். ஆர்6 வரிசை போன்ற நடு இடம்தான் அவருக்கு. பந்து, பாய்ச்சல், பறத்தல் இவற்றிலேயே தினமும் வேலை என்பவர்தான் அடுக்குச் சென்சாருக்குப் பணம் கொடுக்க வேண்டியவர். அவரும் வாங்குவதற்கு முன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்க்கட்டும். சென்னை, கோவை போன்ற ஊர்களில் பாடியும் லென்ஸும் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன.

சின்னதாக ஆரம்பித்துப் பிறகு பெரிய பாடிக்கு மாறலாம் என்று திட்டமிடுகிறவர்கள் கேனான் லென்ஸ் பெயரில் ஓர் எழுத்தைக் கவனிக்க வேண்டும். ஆர்.எஃப்-எஸ் என்று முடிவில் எஸ் இருந்தால் அது சின்ன சென்சாருக்கானது. ஆர்1-இல் மாட்டினால் மாட்டும்; ஆனால் கேமரா நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளும். 24.2 மெகாபிக்ஸல் அப்போது 9 சொச்சம் ஆகிவிடும். வெறும் ஆர்.எஃப் என்று எழுதிய அந்த 200 டாலர் ஐம்பதோ, எந்த பாடிக்குப் போனாலும் முழுதாகவே வேலை செய்யும்.